கிரைண்டர் சத்தத்துக்கு எந்த இயர் பிளக்? என்.ஆர்.ஆர். 33 போட்டா போதுமா?

பட்டறைக்காரன்:

வணக்கம். ஃபேப்ரிகேஷன் வேலை பண்றேன். ஆங்கிள் கிரைண்டர், கட்டிங் மெஷின், சுத்தியல் அடி, பக்கத்துலயே கம்ப்ரசர். ஃபோன்ல ஆப் போட்டுப் பாத்தேன். கிரைண்டர் ஓடும்போது காதுகிட்ட 100 டெசிபல் சுமாருக்குக் காட்டுது. ஒரு நாளைக்கு மொத்தமா நாலு மணி நேரம் கிரைண்டிங் இருக்கும். நான் பவர் கண்ணாடி போடுறவன், அதுக்கு மேல ஃபேஸ் ஷீல்டு.

ரெண்டு சாமான் பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு உருட்டிச் செருகுற ஃபோம் பிளக், பாக்கெட்டுல என்.ஆர்.ஆர். (எத்தனை டெசிபல் குறைக்கும்ங்கிற எண்) 33னு போட்டிருக்கு. இன்னொண்ணு தலைக்கு மேல மாட்டுற இயர் மஃப், அதுல 25தான். 100ல 33 கழிச்சா 67, அப்போ பிளக்தானே நல்லது? ஆனா கூட வேலை செய்யுற பசங்க பிளக் போட்டா ஆள் கூப்பிடுறது கேக்கலன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கழட்டிடுறாங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஒலிமானி:

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவுல இருக்கேன், சத்தம் அளக்குறது என் வேலையில ஒரு பகுதி. முதல்ல அந்தக் கழித்தல் கணக்கைச் சரி பண்ணிடலாம், ஏன்னா நிறைய பேர் அதை நம்பித்தான் பிளக் வாங்குறாங்க.

என்.ஆர்.ஆர். ஆய்வகத்துல எடுத்த எண். அமைதியான அறை, சரியா மாட்டிக்கிட்ட ஆளுங்க. பட்டறையில அவசரத்துல செருகுறப்போ அது கிடைக்காது. தவிர, அந்த எண் ‘சி’ அளவுகோலை (தாழ்ந்த அதிர்வெண்ணையும் ஏறக்குறைய முழுசா சேக்கிறது) வெச்சுக் கணக்கிட்டது, உங்க ஆப் காட்டுறது பெரும்பாலும் ‘ஏ’ அளவுகோல் (காது கேக்குற விதத்துல தாழ்ந்த அதிர்வெண்ணைக் குறைச்சு எடுக்கிறது). அதனால முதல்ல 7 கழிக்கணும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வழக்கப்படி மிச்சத்தையும் பாதியாக்குவாங்க. 33லிருந்து 7 போனா 26, அதுல பாதி 13. ஆக 100 டெசிபல் 87 ஆகுது. 67 இல்ல.

அதே நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் நியோஷ் 1998ல வெளியிட்ட வழிகாட்டி இன்னும் கறாரானது. மஃபுக்குக் கால் பங்கு குறைக்கச் சொல்றாங்க, உருட்டுற ஃபோமுக்குப் பாதி, மத்த பிளக்குக்கு எழுபது சதவீதம். அப்புறம்தான் அந்த 7. இப்படிப் போட்டா உங்க 33 பிளக் தர்றது ஒன்பதரை டெசிபல், 25 மஃப் தர்றது கிட்டத்தட்ட 12. பாக்கெட்டுல சின்ன எண் போட்ட சாமான் காதுல அதிகம் காப்பாத்துது. மஃபைத் தப்பா மாட்டுறது கஷ்டம், ஃபோமைத் தப்பா செருகுறது ரொம்பச் சுலபம். காரணம் அவ்வளவுதான்.

உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு இப்போ பாப்போம். காதுக்கு வரம்பு 85 டெசிபல்ல எட்டு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88ல நாலு மணி, 91ல ரெண்டு, 94ல ஒண்ணு, 97ல அரை மணி, 100ல கால் மணி. நீங்க இருக்கிறது நாலு மணி. எட்டு மணிக்குப் பரப்பினா 97க்குச் சமம். அதை 80 பக்கத்துல கொண்டுவர உண்மையான 17 டெசிபல் வேணும், 20 கிடைச்சா நிம்மதி. 33 தேவையே இல்ல. நிச்சயமா கிடைக்கிற 20 தேவை. பாக்கெட் எண்ணைத் துரத்தாம அதைத் தேடுங்க.

ஃபோன் ஆப் பத்தியும் ஒரு வார்த்தை. ஃபோன் மைக் பேச்சுக்காகச் செஞ்சது, பெரிய சத்தத்துல குறைச்சுக் காட்டலாம். நியோஷ் வெளியிட்ட இலவச ஆப் ஐஃபோனுக்கு மட்டும்தான் இருக்கு, ஏன்னா ஆண்ட்ராய்டு ஃபோன்கள்ல மைக் மாடலுக்கு மாடல் வேற. 100ன்னு காட்டினா 100 அல்லது அதுக்கு மேலன்னு எடுத்துக்கோங்க.

நெடுஞ்சாலை:

> மஃபைத் தப்பா மாட்டுறது கஷ்டம்

ஆனா அவர் கண்ணாடி போடுறாரே சார்? கண்ணாடிக் கம்பி மஃபோட குஷனைத் தூக்கிடும்ல?

ஒலிமானி:

சரியான கேள்வி. ஆமா. காதைச் சுத்தி குஷன் முழுசா ஒட்டினாத்தான் மஃப் வேலை செய்யும். கம்பி போற இடத்துல சின்ன இடைவெளி விழும், சத்தம் அந்த வழியா உள்ள வரும். தடிச்ச கம்பியா இருந்தா பல டெசிபல் போயிடும். தாடி, காதுமேல விழுற முடி, மஃபுக்கு அடியில போட்ட தொப்பி எல்லாத்துக்கும் இதே கதைதான். அதுக்கு மேல ஃபேஸ் ஷீல்டு பட்டை வேற மஃபைத் தள்ளும். பட்டறைக்காரன் விஷயத்துல நான் மஃபைப் பரிந்துரைக்க மாட்டேன், பிளக்தான். ஆனா உருட்டுற ஃபோம் இல்ல.

கிரைண்டிங் பண்ற கையில இரும்புத் தூளும் எண்ணெயும் இருக்கும். அந்தக் கையால ஃபோமை உருட்டினா தூள் காதுக்குள்ள போகும். ஒவ்வொரு தடவையும் கை கழுவிட்டு யார் உருட்டப்போறாங்க? காம்பு வெச்ச பிளக் இருக்கு. நுனி மட்டும் ஃபோம், காம்பைப் பிடிச்சுத் தள்ளினாப் போதும், காதுக்குள்ள போற பகுதியில கை படாது. கயிறு கட்டினதா வாங்குங்க, கழுத்துல தொங்கும். அரை மணிக்கு ஒரு தடவை கழட்டி மாட்டுற வேலைன்னா வளையத்தோட வர்ற பிளக் இன்னும் வசதி, ஆனா அதுல தடுப்பு கொஞ்சம் குறைவு.

செவிநலம்:

நான் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்). ஒலிமானி சாரின் கணக்கோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூட ஒன்று சொல்ல வேண்டும்: எந்த பிளக் என்பதைவிட எப்படிச் செருகுகிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே பிளக் ஒருவருக்கு முப்பது டெசிபல் தரும், பக்கத்தில் நிற்பவருக்கு ஐந்துகூடத் தராது.

ஃபோம் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். சுத்தமான, உலர்ந்த கையால், மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். வலது காதுக்குச் செருகும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் நேராகப் போவதில்லை, வளைந்திருக்கிறது; மடலை இழுத்தால்தான் நேராகும். உருட்டியது விரியுமுன் உள்ளே விட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்திருங்கள். பெரும்பாலோர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் ஃபோம் விரியும்போது தானே வெளியே நகர்ந்துவிடும்.

சரிபார்க்கச் சுலபமான வழிகள் உண்டு. கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக் காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் உள்ளே போகவில்லை. சத்தமான இடத்தில் இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக மூடிப் பாருங்கள். மூடியதும் சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் சரியாக அடைக்கவில்லை. பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் சரி. எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள், வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறைக்கு நல்லதல்ல.

வசதி இருந்தால் ஃபிட் டெஸ்ட் கேளுங்கள். நீங்கள் போட்டிருக்கும் பிளக் உங்கள் காதில் எத்தனை டெசிபல் குறைக்கிறது என்று சில நிமிடங்களில் அளந்து சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அந்த ஒரு எண்ணுக்கு முன்னால் பாக்கெட்டில் அச்சடித்த எந்த எண்ணும் நிற்காது.

பட்டறைக்காரன்:

ரொம்ப நன்றி சார், மேடம். காம்பு வெச்ச பிளக் கேள்விப்பட்டதே இல்ல. பசங்க கழட்டுற பிரச்சினைக்கு என்ன வழி?

பழைய லேத்:

தம்பி, அந்தப் பசங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டு.

நான் பிரஸ் ஷாப்புல வேலை பாத்தவன். அந்தக் காலத்துல எங்க இடத்துல காதுக்குன்னு ஒண்ணும் குடுக்கல, கேட்டவனும் இல்ல. பழைய பஞ்சை உருட்டி வெச்சுப்போம். இப்போ ரெண்டு காதுலயும் ராத்திரி பகலா ‘கீ’ன்னு ஒரு சத்தம். வெளிய சத்தம் இல்லாத நேரத்துலதான் அது பெருசா இருக்கும். தூங்கறதுக்கு ஃபேன் ஓடணும், அந்த இரைச்சல்லதான் இது கொஞ்சம் அமுங்கும்.

காது கேக்கலன்னு சொன்னா ஜனங்க சத்தமாப் பேசுறாங்க. எனக்குச் சத்தம் கேக்குது. பேசுறது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல. பேத்தி பேசினா பாதி வார்த்தை போயிடுது. நாலு பேர் சேந்து பேசுற இடத்துல சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வீட்டுல யார்கிட்டயும் நான் இதைச் சொன்னதில்ல.

செவிநலம்:

ஐயா, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன ‘கேட்கிறது, புரியவில்லை’ என்பதுதான் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பின் அடையாளம். முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் அதிர்வெண்கள். ஆடியோகிராமில் (செவித்திறன் சோதனையின் வரைபடம்) அங்கே மட்டும் ஒரு பள்ளம் விழும். உயிர் எழுத்துகளின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை கேட்கும். ச, ஸ, த போன்றவை நழுவும். குழந்தைகள், பெண்கள் குரல் இன்னும் கஷ்டம்.

உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள்தான் பிறவியிலேயே கிடைக்கின்றன. பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கும், மனிதர்களுக்கு முளைப்பதில்லை. வேலை முடிந்து வரும்போது காது மந்தமாக, பஞ்சு அடைத்ததுபோல இருந்து, காலையில் தெளிந்துவிடுகிறதே, ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கிறோம். எலிகளை வைத்து 2009ல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும் நரம்பு இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருக்கலாம் என்று காட்டியது. மந்தமும் இரைச்சலும் எச்சரிக்கை. அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐயா, ஹியரிங் எய்டு போட்டுப் பார்த்தீர்களா? காதிரைச்சல் உள்ள பலருக்கு அது கேட்பதற்கும் இரைச்சலுக்கும் உதவுகிறது. வீட்டிலும் சொல்லுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசினாலே பாதி சுமை குறையும்.

பஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஞ்சு, டிஷ்யூ இரண்டும் தடுப்பது சில டெசிபல்கள் மட்டுமே. போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தை மட்டும் தரும்.

ஒலிமானி:

கழட்டுற பிரச்சினைக்கு வர்றேன், எனக்கு இதுதான் இழையிலயே முக்கியமான விஷயம்.

30 டெசிபல் முழுசா தடுக்கிற பாதுகாப்பை எட்டு மணி நேர ஷிஃப்ட்ல மொத்தமா அரை மணி மட்டும் கழட்டினாலே, நாள் முழுக்கச் சேர்த்துக் கணக்குப் பாத்தா கிடைக்கிறது 12 டெசிபல்தான். பாதி நேரம் கழட்டினா 3 டெசிபல். அதாவது கிட்டத்தட்ட ஒண்ணும் போடாத மாதிரி. 15 டெசிபல் தடுக்கிறதைக் கழட்டாம போட்டிருக்கிறவன் இவங்களைவிட நல்லா இருப்பான்.

கழட்டுறது பசங்க தப்புன்னு விட்டுடாதீங்க. ஏன் கழட்டுறாங்கன்னு கேளுங்க. வலிக்குதா? அப்போ அளவு பெருசு, சின்ன அளவு குடுங்க. பல பேருக்கு ரெண்டு காதுக்குமே ஒரே அளவு பொருந்தாது. வேர்க்குதா? மஃப் வேண்டாம். பேச்சு கேக்கலையா? அப்போ தடுப்பு தேவைக்கு மேல போயிருக்கு. ஐரோப்பாவோட இ.என். 458 வழிகாட்டி காதுக்குள்ள 75லிருந்து 80 டெசிபல் இருக்கிறதை நல்ல நிலைன்னு சொல்லுது. 70க்குக் கீழ போனா அதிகப்படியான தடுப்பு. ஆள் தனிமைப்பட்டுப் போவான், ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் கேக்காது, அது காதை விடப் பெரிய ஆபத்து.

இன்னொண்ணு, பிளக் போட்டா நம்ம குரல் நமக்கே தலைக்குள்ள முழங்கும். அதனால நாம சத்தத்தைக் குறைச்சுப் பேசுவோம், எதிர்ல இருக்கிறவருக்குக் கேக்காது. பசங்ககிட்ட குரலை உயர்த்திப் பேசப் பழகச் சொல்லுங்க. நல்ல காது உள்ளவங்களுக்கு 90க்கு மேல சத்தம் உள்ள இடத்துல பிளக் போட்டா பேச்சு மோசமாகாது, சில சமயம் தெளிவாவே கேக்கும்.

இதெல்லாம் கடைசி வரிசைங்கிறதையும் மறக்காதீங்க. கம்ப்ரசரைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மாத்த முடியுமா? தகட்டை கிரைண்ட் பண்ணும்போது அடியில ரப்பர் மேட் போட்டு கிளாம்ப் பண்ணினா தகடு அதிர்றது குறையும். அங்க போற ஒவ்வொரு 3 டெசிபலும் உங்க நேரத்தை ரெண்டு மடங்காக்குது, யாரும் எதையும் காதுல மாட்டாமலே.

தாளம்:

டிரம்மர் இங்கே. எங்களுக்குச் சிக்கல் வேறு. ஃபோம் பிளக் உயர் அதிர்வெண்களைத் தாழ்ந்தவற்றைவிட அதிகமாக வெட்டிவிடுகிறது. சிம்பல் செத்துப்போகும், கிக் மட்டும் ‘தும் தும்’ என்று நிற்கும். கேட்காததால் கையை ஓங்கி அடிப்போம், அதனால் சத்தம் இன்னும் ஏறும். இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் பிளக் எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிறது. 9, 15, 25 என்று ஃபில்டர்கள் கிடைக்கும், காது அச்சு எடுத்துச் செய்வதும் உண்டு. வயலின், பாட்டுக்காரர்களுக்கு 9 அல்லது 15 போதும். டிரம் பின்னால் உட்காருகிறவர்கள் 25க்குக் குறையாதீர்கள்.

இன்-இயர் மானிட்டரை (மேடையில் தம் இசையைக் கேட்கக் காதில் செருகும் சின்ன ஸ்பீக்கர்) வைத்துக்கொண்டு காதைக் காப்பாற்றுகிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெளிச்சத்தத்தை அடைப்பது உண்மை. ஒலியளவைக் குறைத்து வைத்தால்தான் பலன்.

கேட்க வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2022ல் இசை அரங்குகளுக்கு வகுத்த அளவு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது. அந்த அளவுக்குள் நடக்கும் நிகழ்ச்சியிலேயே இரண்டு மணி நேரம் நின்றால் ஒலிமானி சார் மேலே போட்ட கணக்கைப் பல மடங்கு மீறிவிடுகிறது. ஸ்பீக்கருக்கு அருகே நிற்காதீர்கள், ஃபில்டர் பிளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

நெடுஞ்சாலை:

என் கேள்வி பைக் பத்தி. நாய்ஸ் கேன்சலிங் இயர்பட் போட்டா போதாதா? காத்துச் சத்தம் சுத்தமாப் போயிடுதே. எதுக்குத் தனியா பிளக்?

செவிநலம்:

நாய்ஸ் கேன்சலிங் வெளிச்சத்தத்துக்கு நேரெதிரான அலையை உருவாக்கி அழிக்கிறது. தாழ்ந்த, ஒரே சீரான இரைச்சலில், உதாரணமாக விமானத்துக்குள் இருக்கும் முழக்கத்தில், நன்றாக வேலை செய்யும். கிரைண்டரின் கீச்சுக்கும் சுத்தியலின் திடீர் அடிக்கும் அதனால் பெரிய பலனில்லை. அங்கே தடுப்பது இயர்பட்டின் ரப்பர் நுனி மட்டும். சாதாரண இசை இயர்பட்கள் செவிப் பாதுகாப்புச் சாதனமாகச் சோதித்துச் சான்று பெற்றவை அல்ல. எத்தனை டெசிபல் குறைக்கும் என்று யாரும் உங்களுக்கு உறுதி சொல்லவில்லை.

பைக்கில் கவலை எஞ்சின் சத்தத்தைப் பற்றியதல்ல, காற்றைப் பற்றியது. 100 கிலோமீட்டர் வேகத்தில் முழு ஹெல்மெட்டுக்குள்ளேயே 95 டெசிபலைத் தாண்டலாம். ஹெல்மெட் தலையைக் காக்கும், காதைக் காக்காது. மஃப் உள்ளே நுழையாது. ஆகவே மென்மையான, காதுக்கு வெளியே நீட்டாத பிளக். ஹாரன் கேட்க வேண்டும் என்பதால் மிதமான தடுப்பு போதும். ஓட்டும்போது காதில் என்ன போடலாம் என்பதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை:

புரிஞ்சுது மேடம். சுத்தமாப் போயிடுதுன்னு நான் சொன்னது காதுக்குத் தோணுறது மட்டும்தான் போல. அளந்து பாக்காம சொல்லக் கூடாது.

சிறுமழை:

எங்க வீட்டுல மூணு வயசுக் குழந்தை. சத்தமான நிகழ்ச்சிக்குக் கூட்டிட்டுப் போகவேண்டி இருக்கு. சின்ன பிளக் கிடைக்குமா?

செவிநலம்:

அந்த வயதுக்கு பிளக் வேண்டாம் அம்மா. பிடுங்கி வாயில் போட்டால் மூச்சடைக்கும், காதுக்குழாயும் சிறியது. குழந்தைகளுக்கென்று செய்த மஃப் வாங்குங்கள், பெரியவர்களுடையது நழுவும். குஷன் காது முழுவதையும் சுற்றி மூடுகிறதா, தலைப்பட்டை அழுத்தி அழ வைக்கிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். மஃப் போட்டிருக்கிறது என்பதற்காக ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்காதீர்கள். தூங்கிவிட்டால் வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடுவதுதான் நல்லது.

இலக்கு:

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போறவங்களுக்கு ஏதாவது தனியா இருக்கா?

ஒலிமானி:

இருக்கு. துப்பாக்கிச் சத்தத்தோட உச்சம் 140 டெசிபலைத் தாண்டும், பெரிய ரகங்கள்ல 160க்கும் மேல. இங்க நிமிஷக் கணக்கு செல்லாது, ஒரே வெடி போதும் நிரந்தரமா பாதிக்க. பிளக், அதுக்கு மேல மஃப், ரெண்டும் போடுங்க. ரெண்டு எண்ணையும் கூட்டக் கூடாது, பெரிய எண்ணோட ஒரு 5 சேத்துக்கணும். அதுக்கு மேல எதைப் போட்டாலும் மண்டை எலும்பு வழியா சத்தம் உள்ள வந்துடும்.

பயிற்சியாளர் சொல்றது கேக்கணும்னா எலக்ட்ரானிக் மஃப் பாருங்க. வெளி மைக் பேச்சை உள்ள விடும், உரத்த சத்தம் வந்ததும் ஸ்பீக்கர் வழியா வர்றதை மட்டுப்படுத்திடும். உள்ளரங்கத்துல சுடுறவங்க அதுக்கு அடியில பிளக்கும் போடணும்.

பெயிண்ட் பூத், ஃபைபர் வேலைல இருக்கிறவங்க யாராவது படிச்சா அவங்களுக்கும் ஒரு வரி: டொலுயீன், ஸ்டைரீன் மாதிரி கரைப்பான்கள் தாமாவே உட்செவியைப் பாதிக்கும், சத்தத்தோட சேந்தா இன்னும் மோசம். காதுக்கு பிளக் போடுற இடத்துல மூக்குக்கும் சரியான மாஸ்க் வேணும்.

பட்டறைக்காரன்:

ரெண்டு அளவுல காம்பு பிளக் சொல்லி வெச்சாச்சு, எனக்கு ஒண்ணு, பசங்களுக்கு மாத்தி மாத்திப் போட்டுப் பாக்க ஒண்ணு. கம்ப்ரசரை வெளிய ஷெட் போட்டு மாத்தறதுக்கும் பேசியிருக்கேன். பழைய லேத் ஐயா எழுதினதைப் பசங்ககிட்ட வாசிச்சேன். அதுல ஒருத்தன் அவனுக்கும் ராத்திரி ‘கீ’ன்னு கேக்குதுன்னு இன்னைக்குத்தான் சொல்றான். இருபத்திரண்டு வயசு. அவனை எங்க கூட்டிட்டுப் போகணும்?

செவிநலம்:

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், காது அழுக்கு அடைத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று பார்க்க. பிறகு ஆடியாலஜிஸ்டிடம் ப்யூர் டோன் ஆடியோமெட்ரி (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்ற சோதனை). 3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் மூன்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது, ஆகவே வார விடுமுறைக்கு அடுத்த காலை, வேலைக்குப் போகுமுன் எடுப்பது நல்லது. அந்த ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த ஆண்டு ஒப்பிட அதுதான் அடிப்படை. ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அவன் பயந்து எப்போதும் பிளக் போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அமைதியான இடத்திலும் காதை அடைத்து வைத்தால் சாதாரண சத்தமே தாங்க முடியாததாகத் தோன்ற ஆரம்பிக்கலாம், காதிரைச்சலும் பெரிதாகத் தெரியும்.

மெல்லொலி:

தாமதமா வந்துட்டேன். நான் ஹியரிங் எய்டு போடுறவள், தையல் மெஷின்கள் நிறைய ஓடுற இடத்துல வேலை. அங்க போனதும் எய்டை ஆஃப் பண்ணி காதுலயே விட்டுடுறேன். அது பிளக் மாதிரி வேலை செய்யும்தானே?

செவிநலம்:

செய்யாது அம்மா. பெரும்பாலான எய்டுகளின் நுனியில் காற்றுத் துளை இருக்கும், சத்தம் அந்த வழியே போய்விடும். அங்கே எத்தனை டெசிபல் என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். 80க்குக் கீழ் என்றால் எய்டை வழக்கம்போல் பயன்படுத்தலாம். அதற்கு மேல் என்றால் எய்டைக் கழற்றிவிட்டு மஃப், அல்லது எய்டின் மேலேயே மஃப். இரண்டாவது வழியில் எய்டு எந்த அளவில் ஓட வேண்டும் என்பதை உங்கள் ஆடியாலஜிஸ்ட் உங்கள் ஆடியோகிராமைப் பார்த்துத்தான் அமைக்க வேண்டும். அளந்த எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.